ஒரு பக்கம் தேய்ந்த ஒரு ரூபா

பஸ்ஸில் மிச்சக் காசு தந்தால் நான் அதை அப்படியே பேர்சுக்குள் போடமாட்டேன். தாள்களை மடித்து வைத்துவிட்டு, ஒரு ரூபாக் குத்திக் காசு இருந்தால் அதை மட்டும் கையில் வைத்துக்கொள்வேன். பெருவிரல் நகத்தை அதன் விளிம்பில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவேன். நகம் எங்கேயாவது தடக்குகிறதா என்று பார்ப்பேன். தடக்காவிட்டால்தான் அது பேர்சுக்குள் போகும்.

செங்கலடி பஸ்ஸில் ஒரு கொண்டக்டர் தம்பி இதைக் கண்டுவிட்டான்.

“என்னம்மா, கள்ளக் காசா எண்டு பாக்கிறீங்களா? ஒரு ரூபாயக் கள்ளமா அடிக்கிறவனுக்கு அடிக்கிற செலவுக்கே காணாது.”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு யன்னல் பக்கம் கிறுகினேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் பாதிக் காரணம். இந்தக் கதையையும் சொல்லு என்றால் சொல்லமாட்டேன். எழுதலாம் போல் இருக்கிறது.

முப்பத்தைந்து வருசமாக இப்படிப் பார்த்ததில், காசு எப்படித் தேயும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நடுவில் நிற்கிற சிங்கத்தின் உடம்புதான் முதலில் மழுங்கும். ஒன்று என்கிற இலக்கம் பெரிது, அது கடைசிவரைக்கும் நிற்கும். வருசம் சின்ன எழுத்து, பாவம், அது பாதியில் போய்விடும். கடை லாச்சியில் கிடந்து வருகிற காசு இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தேய்ந்து, முடிகிற சவர்க்காரத் துண்டு போல் இருக்கும். உண்டியலில் இருந்து வருகிறது எண்ணெய் பிடித்துக் கறுத்திருக்கும். மீன்காரர் கையில் இருந்து வருகிறதை மணந்தே சொல்லிவிடுவேன். பிள்ளைகள் றெயில் பாதையில் வைத்து நசித்த காசும் இரண்டொன்று வந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தந்தாலும் விரலால் சொல்வேன்.

நான் தேடுகிற காசின் விளிம்பில் மூன்று பள்ளம் இருக்கும். அரிசிமணி அளவில், பக்கத்தில் பக்கத்தில். அது என்ட அண்ணனுடைய காசு.

அண்ணனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அதன் முன்லைட்டைப் பூட்டியிருந்த திருகாணி அடிக்கடி இளகிவிடும். அண்ணன் சைக்கிளை நிற்பாட்டி, சட்டைப் பொக்கட்டில் இருந்து ஒரு ரூபாவை எடுத்து, ஆணியின் வெட்டுக்குள் அதன் விளிம்பை வைத்து இறுக்குவார். எப்போதும் அதே காசு. செலவழிக்கமாட்டார். “இது காசு இல்ல, சாவி” என்று சொல்வார். அப்படி இறுக்கி இறுக்கி விழுந்ததுதான் அந்த மூன்று பள்ளமும்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். வீடு பெண்ணுக்குச் சொந்தம். அண்ணன் மாறிச் செய்தார். மச்சாளுக்கு, அதுதான் அண்ணன்ட பெண்சாதிக்கு, தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, வீடும் இல்லை. அதனால் கலியாணம் முடித்து எங்கட வீட்டுக்கே கூட்டிவந்தார். அது அப்பா எனக்கென்று கட்டிய வீடு. ஊரில் சிரித்தார்கள். “வீடில்லாத பொம்பிளையும் வீட்ட விடாத மாப்பிளையும்” என்றார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அப்பா அம்மா இருவரும் அப்போது இல்லை. நாங்கள் மூன்று பேரும் பத்து மாதம் ஒன்றாக இருந்தோம்.

தொண்ணூறாம் ஆண்டு ஒரு நாள் காலையில் அண்ணன் ஒரு நெல்லு மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு செங்கலடி மில்லுக்குப் போனார். திரும்பி வரவில்லை. அந்த வருசம் எங்கள் பக்கத்தில் கனபேர் அப்படித்தான். போனார்கள், வரவில்லை. சைக்கிளும் வரவில்லை, நெல்லும் வரவில்லை.

அவர் வழக்கமாகப் போடுகிற சட்டையை அன்றைக்கு நான் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தேன். அதனால் வேறு சட்டையோடு போனார். இரண்டாம் நாள் அந்தச் சட்டையை மடிக்கும்போது பொக்கட்டுக்குள் காசு இருந்தது. நான் தோய்க்காமல் விட்டிருந்தால் அது அவரோடு போயிருக்கும்.

நானும் மச்சாளும் அந்தக் காசை மஞ்சள் துணியில் வைத்து மூன்று முடிச்சுப் போட்டோம். எங்கட அம்மன் கோயில் வருசத்தில் ஒரு தரம்தான் திறக்கும். வைகாசிச் சடங்குக்குக் கதவு திறந்தால் சில நாள், கடைசி நாள் குளிர்த்திப் பூசை முடியக் கதவு பூட்டினால் மறுகா அடுத்த வைகாசிதான். நாங்கள் போனபோது கதவு பூட்டிக் கிடந்தது. பூட்டின கதவுக்கு வெளியே நின்று, அவர் வந்தால் கதவு திறக்கிற நாளில் அவர் கையாலேயே இந்தக் காசை உண்டியலில் போடுவார் என்று நேர்ந்தோம். நேர்ந்து முடிந்த காசைக் கொடுக்கிற நாள்வரைக்கும் அவிழ்க்கக்கூடாது. மாற்றக்கூடாது. செலவழிக்கவே கூடாது. இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அதை நான் இரண்டு மாதத்தில் செலவழித்தேன்.

அது மாரிகாலம். நாலு நாளாக விடாத மழை. மச்சாளுக்குக் காய்ச்சல், பல்லுக் கிட்டி நடுங்கிக்கொண்டு கிடந்தா. வீட்டில் இருந்த நெருப்புப் பெட்டி ஈரத்தில் ஊறிப் போயிருந்தது. ஒரு குச்சியும் பற்றவில்லை. அடுப்பு இரண்டு நாளாக நூர்ந்து கிடந்தது. பக்கத்து வீடுகளில் ஆட்கள் இல்லை, பயத்தில் உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். சந்திக் கடைக்காரர் கடன் கொடுக்காத ஆள். நானும் கடன் கேட்கிற ஆள் இல்லை, கேட்க வாய் வராது. வீடு முழுக்கத் தேடினேன். சாமித்தட்டில் இருந்த அந்த ஒரு ரூபாவைத் தவிர வேறு காசு இல்லை.

அம்மனிடம் கைமாற்றாக வாங்குகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தேன். கடைக்காரர் காசை வாங்கி மற்றப் பக்கம் கிறுக்கிக்கூடப் பார்க்கவில்லை. தகரப் பேணிக்குள் எறிந்தார். அது விழுந்த சத்தம் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. எந்தக் கடையில் யார் காசு போட்டாலும் அந்தப் பக்கம் கிறுகிப் பார்ப்பேன்.

நெருப்பு மூட்டிக் கொத்தமல்லி அவித்து மச்சாளுக்குக் குடிக்கக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் கோழி முட்டை விற்று ஒரு ரூபா கிடைத்தவுடன் கடைக்கு ஓடினேன். பேணியைக் கவிட்டுப் பார்க்கட்டுமா என்று ஒரு மாதிரிக் கேட்டுவிட்டேன்.

“என்ன புள்ள, காசுக்குள்ள காசா தேடுற? எல்லாம் ஒரு ரூபாதானே” என்று கடைக்காரர் சிரித்தார். கவிட்டுத்தான் காட்டினார். அது இல்லை. மிச்சக் காசாக யாருக்கோ போய்விட்டது.

என் கையில் இருந்த முட்டை விற்ற காசைப் பார்த்தேன். எண்பத்திரண்டாம் ஆண்டுக் காசு. அண்ணனுடையதும் அதே வருசம்தான். அதே அளவு பழசு. விளிம்பில் பள்ளம் மட்டும் இல்லை. அதை அதே துணியில் வைத்து அதே மாதிரி மூன்று முடிச்சுப் போட்டுச் சாமித்தட்டில் வைத்தேன். மச்சாளுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து பிடித்ததுதான் இந்த நகத்தால் பார்க்கிற வருத்தம்.

ஒவ்வொரு நாளும் குளித்து விளக்கு வைத்ததும் அந்த முடிச்சைக் கையில் எடுப்பேன். கட்டு உள்ளங்கைப் பக்கம் இருக்கும், காசு பெருவிரலுக்குக் கீழே வரும். துணிக்கு மேலால் அதைத் தேய்த்துக்கொண்டே, பிழை என்னுடையது, அவர்மேல் பழி வைக்காதே தாயே என்று சொல்வேன். கன நேரம் இல்லை, வெற்றிலை போடுகிற நேரம். ஆனால் நாள் தவறியதில்லை. மேல்துணி கிழிந்தால் அதற்கு மேலால் இன்னொன்று சுற்றுவேன். உள் முடிச்சை அவிழ்க்கமாட்டேன். பொழுது படுகிற நேரத்தில் ஒழுங்கையில் சைக்கிள் போனால், டைனமோ சில்லில் உரசுகிற சத்தம் கேட்டால், என் விரல் தானாக நின்றுவிடும். சத்தம் எங்கட படலையைத் தாண்டிப் போகும்வரைக்கும் நானும் மச்சாளும் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டோம்.

மச்சாள் அந்த முடிச்சைத் தொட்டு நான் கண்டதே இல்லை. அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. ஒரு காலத்துக்குப் பிறகு மச்சாள் ஆற்று மீன் தின்பதை விட்டுவிட்டா. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கடல் மீன் தின்பா, கருவாடு தின்பா. ஆற்று மீன், ஆற்று இறால் எதுவும் தொடமாட்டா. கேட்டால் “எனக்கு அந்த வெடில் மணம் ஒண்ணாகா” என்பா. என்னோடு எதைக் கதைத்தாலும் கடைசியில் ஒரு ‘கா’ போட்டுத்தான் கதைப்பா. முந்தி இறால் ஆணம் என்றால் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்ட ஆள். அண்ணனுக்காக விரதம் பிடிக்கிறா என்று நினைத்து நானும் வீட்டில் சமைக்காமல் விட்டேன்.

இந்த வருசம் தையோடு மச்சாள் படுக்கையில் விழுந்தா. பெரியாஸ்பத்திரியில் காட்டி, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சடங்குக்குக் கிட்டே ஒரு நாள் என்னைக் கூப்பிட்டா.

“மச்சாள், இனி அவர் வந்து போடுவார் எண்டு நாம பாத்துக்கொண்டு இரிக்க ஏலாகா. எனக்குக் கணக்கு முடியுது. கதவு திறக்கக்க அந்தக் காசக் கொண்டுபோய்ப் போட்டிடுவம்.”

“ஓம் மச்சாள்.”

“முடிச்ச அவிழ்க்காத. அப்பிடியே போடு.”

எனக்கும் அதுதான் வேண்டும். அவிழ்த்தால் பள்ளம் இல்லாத காசு தெரிந்துவிடும். ஆனால் நேர்ந்த காசை மஞ்சள் தண்ணீரில் கழுவிப் புதுத்துணியில் வைத்துத்தான் கொடுப்பது முறை. அதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. “கழுவத் தேவையில்லையா” என்று மெதுவாகக் கேட்டேன்.

“தேவையில்ல எண்டுறன்.” சத்தம் உரத்து வந்தது. எழும்ப ஏலாத ஆளுக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

மேல்துணியை மட்டும் மாற்றுவோம் என்று அவவுக்கு முன்னாலேயே எடுத்தேன். உள்துணி இற்றுப் போயிருந்தது போல. மேல்துணியை உரித்ததும் அது நூல்நூலாகப் பிரிந்து, காசு கீழே வைத்திருந்த செம்புக்குள் விழுந்தது. இருவரும் ஒன்றாக அதைப் பார்த்தோம். நான் முந்திக்கொண்டு எடுத்துப் பொத்திக்கொண்டேன். மச்சாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டா. அப்போது நான் என் பயத்தில் இருந்தேன், அவவுடைய பயத்தை நான் காணவில்லை.

குசினிக்குள் போய் அடுப்படியில் கையை விரித்தேன். ஒரு பக்கம் சிங்கம் கூர்மையாக நின்றது. மற்றப் பக்கம் வழுவழு என்றிருந்தது. விளிம்பில் நகத்தை ஓட்டினேன். பள்ளம் இல்லை, அது தெரிந்ததுதான். ஆனால் இது நான் முடிந்த காசும் இல்லை. நான் வைத்தது பழசு. அதில் சிங்கம் அன்றைக்கே பாதி தேய்ந்திருந்தது. தேய்ந்த சிங்கம் துணிக்குள் கிடந்து மறுகா முளைக்குமா?

பள்ளிக்கூடத்தில் காசுக்கு மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடியிருக்கிறோம். அப்படிச் செய்து பார்த்தேன். வருசத்தில் முன்னுக்கு உள்ள ஒன்றும் ஒன்பதும் வந்தன. பின்னுக்கு உள்ள இரண்டும் புகை மாதிரி வந்தன.

அடுத்த நாள் மச்சாளுக்கு மருந்து எடுக்கச் செங்கலடிக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் மணிக்கூடு திருத்துகிற ஒரு தம்பி, பழைய காசும் முத்திரையும் வாங்குவதாக மட்டையில் எழுதிக் கட்டியிருப்பார். இரண்டு தரம் கடையைத் தாண்டிப் போய், மூன்றாம் தரம்தான் நின்றேன். ஒன்றும் பேசாமல் காசைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வைத்தேன்.

“விக்கவாம்மா?”

“இல்ல மனே. வருசம் பாக்க.”

கண்ணில் ஒரு வில்லையை வைத்துக்கொண்டு காசை வெயிலுக்குச் சரித்துப் பிடித்தார். மற்றப் பக்கம் கிறுக்கினார். மறுபடி கிறுக்கினார்.

“இது என்ன புதினமாக் கிடக்கு. பொக்கட்டுக்குள்ளயும் லாச்சிக்குள்ளயும் கிடந்து தேஞ்சா ரெண்டு பக்கமும் தேயணும். இதில ஒரு பக்கம் நேத்து அடிச்ச மாதிரி. மற்றப் பக்கத்தில ஒரு விரல் வைக்கிற அளவுக்குக் குழி விழுந்திரிக்கு. பாருங்க, என்ட விரல் சரியா இரிக்குதில்ல, சின்ன விரல் ஆக்கும். ஆரோ ஒரு ஆள் ஒரே இடத்தில துணி வச்சுத் தேச்சுக்கொண்டே இருந்திரிக்கு.”

நான் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

“பெறுமதி கேக்கிறீங்க எண்டா, ஒண்டும் இல்லம்மா. ரெண்டு பக்கமும் நல்லா இருந்தாலும் இது ஊரெல்லாம் கிடக்கிற சாமான். இப்பிடித் தேஞ்சதுக்கு ஆரும் ஒரு ரூபாயும் தரமாட்டாங்க.”

“வருசம்?”

“தொண்ணூத்தாறு.”

“எண்பத்திரண்டு இல்லயா மனே? வடிவாப் பாருங்க.”

“எட்டுக்கு ரெண்டு கண் இருக்கும். இதில ஒரு கண்தான் இரிக்கு. தலைகீழாக் கிறுக்கினாலும் தொண்ணூத்தாறுதான் அம்மா, அது ஏமாத்தாத இலக்கம்.” சிரித்துவிட்டுக் காசைத் தந்தார்.

பஸ்ஸில் யன்னல் ஓரத்தில் இருந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அண்ணன் போனது தொண்ணூறில். நான் முடிச்சை அவிழ்த்ததும் தொண்ணூறில். தொண்ணூற்றாறில் அடித்த காசு அந்த முடிச்சுக்குள் தானாக நுழையாது. வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தோம். அதில் ஒன்று நான்.

வீட்டுக்கு வந்து மருந்தைக் கொடுத்துவிட்டு, காசை மச்சாளுடைய கையில் வைத்தேன். கேட்க வாய் வரவில்லை. கேட்கவும் தேவைப்படவில்லை.

“பாத்திட்டியாகா” என்றா. பிறகு சொன்னா.

தொண்ணூற்றாறு கழிந்து ஒரு வருசமோ இரண்டு வருசமோ, பிடித்துக்கொண்டு போன ஆட்களில் கொஞ்சப் பேரை விடுகிறார்களாம் என்று ஒரு கதை வந்தது. அது எனக்கும் ஞாபகம். நாங்கள் இருவரும் விடியக் கிளம்பிப் போய்ச் சந்தியில் நின்றோம். வெயில் ஏறி வெயில் இறங்கும்வரைக்கும் நின்றோம். ஒரு பஸ் வந்தது. அதில் வந்தது வேறு யாரோ இரண்டு பேர். திரும்பி வந்து நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். மச்சாள் சாமித்தட்டில் இருந்த முடிச்சை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறா.

“அவிழ்த்துக் காச எடுத்து எறிஞ்சன்கா. வராட்டி இந்தக் காசோட தண்ணிக்குள்ள தாண்டு போ எண்டு சொல்லித்தான் எறிஞ்சன். அவர்ர பேரச் சொல்லிச் சொன்னன். துணி மட்டும் கையில கிடந்தது. கரையில நிக்கக்கதான் பயம் பிடிச்சிது. நெஞ்சளவு தண்ணிக்குள்ள இறங்கித் தடவினன். சேறுதான் வந்திது. வீட்ட வந்து என்ட கொட்டப்பெட்டிக்குள்ள கிடந்த ஒரு புதுக் காச எடுத்து முடிஞ்சு வச்சன். நீ ஒவ்வொரு நாளும் அதத் தூக்கி வச்சுக் கும்பிடுவாய். நான் பாத்துக்கொண்டு இரிப்பன். இது உன்ட வீடுகா. உன்ட அண்ணனத் தண்ணிக்குள்ள தாட்டுப்போட்டு உன்ட வீட்டில சோறு தின்னுறன். எப்பிடிச் சொல்ற?”

ஆற்று மீனை நான் அப்போதுதான் நினைத்தேன். மச்சாள் மணத்துக்காக விடவில்லை.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கவேண்டும். நீங்கள் எறிந்தது அண்ணனுடைய காசு இல்லை, என்னுடைய முட்டைக் காசு என்று சொல்ல ஒரு நிமிசம் போதும். சொல்லவில்லை. முதலில் நேர்த்தியைக் கெடுத்தவள் நான் என்று தெரிந்துவிடுமே என்று நாக்கு மடங்கிப் போனது. மச்சாளும் போய்விட்டால் இந்தக் காசைப் பற்றிக் கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பிரயோசனம் இல்லை.

கதவு திறக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. மச்சாள் கஞ்சியையும் வேண்டாம் என்றா. “அம்மனுக்கு முன்னால போய், நான்தான் அவர ஆத்தில தாட்டன் எண்டு சொல்லோணும். சொல்லிப்போட்டுத்தான் சாவன். ஓட்டோ ஒண்டு பிடி” என்றா. இரண்டு நாளும் நான் அவவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தண்ணீர் கொடுத்தேன், கால் பிடித்தேன், பாயைத் தட்டிப் போட்டேன். அவ கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தா. மழை இல்லாத நாளிலும் “தண்ணிச் சத்தம் கேக்குதாகா” என்று கேட்டா. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்ல முடியவில்லை. எனக்குப் பேணிக்குள் காசு விழுகிற சத்தம் கேட்டது.

கதவு திறக்கிற அன்று காலையில் அவவை நனைத்துத் துடைத்து, சேலை சுற்றி, கதிரையில் இருத்தி, பின்னால் நின்று தலை சீவினேன். முகம் தெரியாதபடியால் எனக்கு வாய் வந்தது.

“மச்சாள், நீங்க எறிஞ்சது அண்ணன்ட காசு இல்ல.”

தலை அசையவில்லை. “ஆர்ர காசு?”

“என்ட. முட்டை வித்த காசு. அண்ணன்ட காச நான் அதுக்கு முதலே எடுத்துச் செலவழிச்சிட்டன். அவர் போய் ரெண்டு மாசத்தில.”

“என்னத்துக்கு?”

“நெருப்புப் பெட்டிக்கு.”

சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டை விட்டு அவவைத் துரத்த எனக்கு உரிமை இருந்த மாதிரி, என்னைத் தள்ளிவைக்க அவவுக்கு அந்த நேரம் முழு உரிமையும் இருந்தது.

“எனக்குக் காச்சல் வந்த அந்த மாரியாகா?”

“ஓம்.”

“கொத்தமல்லி அவிச்சுத் தந்தியே, அதுக்கா?”

“ஓம் மச்சாள்.”

தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறா என்று முன்னால் போய்ப் பார்த்தேன். அழுதுகொண்டும் இருந்தா, சிரித்துக்கொண்டும் இருந்தா.

“அடி கள்ளி. அவர்ர காசில தண்ணி சுட வச்சு எனக்குப் பருக்கிப்போட்டு ஒரு வார்த்த சொல்லல்ல. இவ்வளவு வருசம் ஒரு இறால் தின்ன விடாம வச்சிரிந்தியேகா!”

“நீங்களும்தானே சொல்லல்ல.”

“நான் சொல்ல ஏலுமா? நீதான் பெரிய சாமியார் மாதிரி ஒவ்வொரு நாளும் அதத் தடவிக்கொண்டு இரிந்தாய்.” மூச்சு வாங்க நிறுத்தினா. பிறகு மெதுவாக, “அப்ப அவர் தண்ணிக்குள்ள இல்லகா” என்றா.

“காசு தண்ணிக்குள்ள இல்ல மச்சாள்.” காசைப் பற்றி மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. மற்றதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

“எங்க இரிக்கும்?”

“ஆர்ரயோ கையில. சுத்திக்கொண்டு இரிக்கும்.”

“நீ பஸ்ஸில காசக் கிள்ளிக் கிள்ளிப் பாக்கிறது இதுக்குத்தானா? நான் உனக்குக் கஞ்சத்தனம் எண்டெல்லோ நினைச்சன்.”

ஓட்டோவில் கோயிலுக்குப் போனோம். சனத்துக்குள் கதிரையைப் போட்டு அவவை இருத்தினேன். கப்புகனார், அதுதான் எங்கட கோயில் பூசாரி, கதவைத் திறந்தார். குரவைச் சத்தம் எழும்பியது. மச்சாளுடைய வாய் அசைந்தது. என்ன சொன்னா என்று நான் கேட்கவில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டுக் காசு என் கைக்குள் இருந்தது. உண்டியலுக்குக் கிட்டப் போனேன். மச்சாள் என் சேலையைப் பிடித்து இழுத்தா.

“அதப் போடாத. நேந்தது அவர்ர காச. அது வரட்டும்.”

அதனால் போடாமலே திரும்பினோம்.

சடங்கு முடியுமட்டும் ஊரில் மீன் மச்சம் சமைப்பதில்லை. குளிர்த்தி பாடிக் கதவு பூட்டின அடுத்த நாள் காலையில் மச்சாள் கேட்டா, “ஆத்து இறால் வாங்குவியாகா?” கரைக்குப் போனேன். அந்த ஆற்றங்கரைக்கு நான் தனியாகத்தான் போய்வருவேன். மச்சாள் அந்தப் பக்கம் கால் வைத்துக் கனகாலம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. என்னுடைய முட்டைக் காசு அதற்குள் எங்கோ சேற்றில் கிடக்கிறது என்று நினைத்தேன். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மற்றக் காசு, மூன்று பள்ளக் காசு, இந்த நேரம் யார் கையில் இருக்கிறது, அந்தக் கைக்காரனுக்குத் தன் விரலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியுமா என்பதுதான் படுத்தியது.

இறால்காரர் தந்த மிச்சத்தில் இரண்டு ஒரு ரூபாக் குத்தி இருந்தது. கரையிலேயே பார்க்க நகத்தை வைத்தேன். பிறகு பார்க்காமல் கொண்டுவந்தேன்.

மச்சாள் நாலு இறால் தின்றா. ஐந்தாவதை எனக்குத் தள்ளிவிட்டா. கை கழுவித் துடைத்துவிட்டு, “குடு பாப்பம்” என்று கையை நீட்டினா. கண் இப்போது அவவுக்கு மங்கல். இரண்டு குத்தியையும் கொடுத்தேன். நகத்தை எப்படி வைப்பது என்று காட்டினேன். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், விளிம்பைச் சுற்றிக்கொண்டு வந்தா. இரண்டாவதில் ஓரிடத்தில் விரல் நின்றது. நானும் கிட்டக் குனிந்தேன்.

“இது ஊத்தைகா” என்றா. நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு மறுபடி சுற்றினா.

“இதில இல்ல. நாளைக்கும் கொண்டா.”

நான் தேய்த்த காசை இப்போது மச்சாள்தான் வைத்திருக்கிறா, தலையணைக்குக் கீழே. நான் அதைத் தேய்ப்பதை விட்டுவிட்டேன். பின்னேரத்தில் ஒழுங்கையால் சைக்கிள் போகிற நேரம் அவ அதைக் கையில் எடுத்து, சிங்கம் இருக்கிற, நான் தேய்க்காத பக்கத்தில் பெருவிரலை வைப்பா.